பழைய ஹைஏஸ்: கிளிப் மாற்றியும் ஹோஸ் மாற்றியும் கூலன்ட் ஒழுக்கு நிற்கவில்லை, இனி எங்கே பார்ப்பது?

பிறை சாப்பாட்டு வேன் | ஞாயிறு, இரவு 11.10

வணக்கம். என்னுடையது 1995 டொயோட்டா ஹைஏஸ், எச்100 வகை, 2.8 லிட்டர் 3எல் டீசல். ஜப்பானில் ஓடிவிட்டு ரிக்கோண்டாக இங்கே மலேசியாவுக்கு வந்த வண்டி. அப்பா வாங்கியது. இப்போது பினாங்கின் பிறை என்கிற ஊரிலிருந்து கல்யாணச் சாப்பாடு, கோயில் சாப்பாடு என்று நான் ஓட்டுகிறேன். பின்னால் நான்கு பெரிய அண்டா, வாழை இலைக் கட்டு, இரண்டு ஆள் என்று பாரம் எப்போதும் இருக்கும்.

பிரச்சினை இதுதான். இரண்டு நாளைக்கு அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கிற திரவம்) காணாமல் போகிறது. காலையில் வண்டியை எடுத்தால் இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் ஓர் உள்ளங்கை அளவு ஈரம். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் இன்ஜினிலிருந்து கீழே போகும் சின்ன ஹோஸ் ஒன்று இரும்புப் பைப்போடு சேருகிற இடம் ஈரமாக இருக்கிறது. கிளிப்பை இரண்டு தடவை மாற்றினேன், போன மாதம் ஹோஸையே மாற்றினேன், நான்கு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான்.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். போமன் (மெக்கானிக்) சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) போய்விட்டது, 2,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார். ஆனால் புகை வெள்ளையாக வரவில்லை, ஆயில் மூடியைத் திறந்தால் பால் நிறம் எதுவும் இல்லை, சூடு முள்ளும் பாதிக்கு மேல் போனதில்லை. அடுத்த மாதம் ஈப்போவில் ஒரு பெரிய ஆர்டர் எடுத்திருக்கிறேன். புக்கிட் பெராப்பிட் மேட்டிலும் மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் இருக்கிற மேட்டிலும் பாரத்தோடு ஏற வேண்டும், நடுவழியில் நின்றால் 600 பேர் சாப்பாடு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஜெலுத்தோங் லைட்ஏஸ் | ஞாயிறு, இரவு 11.48

தம்பி, என் லைட்ஏஸிலும் இதே மாதிரி வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒழுக்கை அடைக்கிற பொடி விற்கிறார்கள், ரேடியேட்டரில் ஊற்றி அரை மணி நேரம் ஓட்டினால் தானாக அடைத்துக்கொள்ளும். நான் ஊற்றி ஒரு வருஷம் ஆகிறது. கிளிப்பையும் நன்றாக இறுக்குங்கள், பாதிப் பேர் கை வலிக்கிறதென்று அரைகுறையாக விட்டுவிடுவார்கள்.


செந்தூல் போமன் | திங்கள், காலை 6.20

லைட்ஏஸ் தம்பி சொன்னதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது, தவறாக நினைக்க வேண்டாம். நான் 31 வருடம் பட்டறை வைத்திருந்தவன், அந்தப் பொடி ஊற்றிய ரேடியேட்டர்களைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். பொடிக்கு ஓட்டை எது, ரேடியேட்டர் குழாய் எது என்று தெரியாது. தண்ணீர் மெதுவாக ஓடுகிற இடமெல்லாம் படியும். ரேடியேட்டரின் உள்குழாய் மிகக் குறுகலானது, ஹீட்டருக்குள் இருப்பது அதைவிடக் குறுகல். ஹோஸ் மூட்டில் வருகிற ஒழுக்கை அது அடைக்கவும் செய்யாது, ஏனென்றால் அங்கே ரப்பரும் இரும்பும் சூட்டுக்குச் சூடு அசைந்துகொண்டே இருக்கும். 600 பேர் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு மேடு ஏறப்போகிற வண்டிக்கு அதை ஊற்றாதீர்கள்.

இறுக்குவது பற்றியும் ஒன்று சொல்கிறேன். திருகு வைத்த கிளிப்பில் பட்டையில் வெட்டு வெட்டாக இருக்கும், அளவுக்கு மேல் இறுக்கினால் ரப்பர் அந்த வெட்டுகளுக்குள் பிதுங்கி அறுந்துவிடும். ரேடியேட்டர் கழுத்து பிளாஸ்டிக்காக இருந்தால் கழுத்தே உள்ளே நசுங்கும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியை விரல்களால் பிடித்துத் திருப்பி எங்கே கனமாகிறதோ, அதற்கு மேல் ஒரு கால் திருப்பு போதும்.

பிறை தம்பிக்குக் கேள்விகள். ஒழுகுவது வண்டி ஆறிய பிறகா, சூடாக இருக்கும்போதா? கடைசியாக ரேடியேட்டர் மூடியை எப்போது மாற்றினீர்கள்? உள்ளே ஊற்றியிருப்பது கூலன்டா, பைப் தண்ணீரா? அந்த ஹோஸைக் கழற்றியபோது அதன் அடியில் இருந்த இரும்பு எப்படி இருந்தது? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

ஹெட் கேஸ்கட் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. அதற்குச் சோதனை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள்.


கெப்போங் பள்ளிவேன் அக்கா | திங்கள், காலை 9.35

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து எழுதுகிறேன். என்னுடையது நிசான் வெனெட் சி22, பள்ளி வேன், பதினொரு வருடமாக நானே ஓட்டி நானே பார்த்துக்கொள்கிறேன். ஐயா கேட்ட கடைசிக் கேள்விதான் என்னையும் காப்பாற்றியது, அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கும் காலையில் மட்டும் ஒழுகும். அதிகாலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்கும்போது கீழே சொட்டு இருக்கும், ஒரு சுற்று ஓட்டி வந்து பார்த்தால் காய்ந்திருக்கும். மூன்று கிளிப் மாற்றினேன். பிறகுதான் ஒருவர் விளக்கினார்: ரப்பர் சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும், வருடக்கணக்காகக் கிளிப்புக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ரப்பர் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஆகவே ஆறியவுடன் கிளிப்புக்கும் ஹோஸுக்கும் இடையில் பிடி விட்டுப்போகும். இங்கே ஏது குளிர் என்று நினைப்போம், ஆனால் 85 டிகிரியில் இருந்த இன்ஜின் விடியற்காலையில் 25க்கு இறங்குகிறது, அதுவே ரப்பருக்குப் பெரிய இறக்கம். கம்பெனி போட்டு அனுப்புகிற ஸ்பிரிங் கிளிப் ரப்பர் சுருங்கினால் தானும் சேர்ந்து சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், திருகு கிளிப் இறுக்கிய இடத்திலேயே நிற்கும். எல்லாரும் ஸ்பிரிங் கிளிப்பை மட்டமானது என்று தூக்கிப் போடுகிறார்கள், நானும் போட்டேன். இப்போது அளவு பார்த்துப் புது ஸ்பிரிங் கிளிப்தான் போடுகிறேன்.

ஆனால் அதோடு முடியவில்லை தம்பி. ஹோஸை முழுக்க எடுத்துப் பார்த்தபோது, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு) மூடியின் அலுமினியக் கழுத்தில் கரையான் அரித்தது போலச் சின்னச் சின்னக் குழி, மேலே வெள்ளைப் பொடி. எவ்வளவு நல்ல ஹோஸ் போட்டாலும் அந்தக் குழிகள் வழியாகத் தண்ணீர் வரும். உப்புத்தாளால் 240 நம்பரில் தேய்த்து, பிறகு 400 நம்பரில் தேய்த்து, இரண்டு ஆழமான குழியை உலோக எப்பாக்சி வைத்து அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு மறுபடி தேய்த்து மாட்டினேன். தேய்க்கும்போது கழுத்தைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறலே தண்ணீருக்கு வழி. மூன்று வருடம் ஆகிறது, இன்னும் சொட்டு இல்லை.


பிறை சாப்பாட்டு வேன் | திங்கள், இரவு 10.05

ஐயா, அக்கா, நன்றி. பதில்கள்: காலையில் ஆறிய பிறகுதான் அதிகம், ஆனால் ஓட்டி வந்து நிறுத்தியவுடனும் கொஞ்சம் ஈரம் இருக்கும். மூடி எப்போது மாற்றினோம் என்று அப்பாவுக்கே நினைவில்லை. பல வருடம் பைப் தண்ணீர்தான் ஊற்றி வந்திருக்கிறார், நான்தான் இரண்டு வருடமாகக் கூலன்ட் ஊற்றுகிறேன்.

இன்று மாலை ஹோஸைக் கழற்றினேன். கழற்றும்போது ஒரு தப்பு செய்துவிட்டேன், மற்றவர்கள் செய்யாமல் இருக்க எழுதுகிறேன். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தது, பெரிய பிளையரால் பிடித்து முறுக்கினேன். அடியில் இருந்த இரும்புப் பைப்பின் முனை கொஞ்சம் நெளிந்துவிட்டது. முனையில் துரு அப்பளம் போல ஏடு ஏடாக உரிகிறது. ஐயா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் சந்தேகம் என்னவென்றால், துரு பைப்பின் வெளிப்பக்கத்தில்தான் அதிகம், அதுவும் பின்பக்கம் போகப் போக அதிகமாகிறது. இந்தப் பைப் எங்கே போகிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வண்டிக்கு அடியில் பின்னால் போய் மறைகிறது.


செந்தூல் போமன் | செவ்வாய், காலை 6.45

அது பின் ஹீட்டருக்குப் போகிற பைப். ஜப்பானில் குளிர்காலத்தில் பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்காக வைத்தது, போக ஒரு பைப், திரும்பி வர ஒரு பைப், இரண்டும் தரைக்கு அடியில் ஓடும். அங்கே பனி விழுகிற ஊர்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அது அடியில் தெறித்து இரும்பைத் தின்னும். நம் நாட்டில் அந்த ஹீட்டரை யாரும் திறப்பதில்லை, ஆனால் கூலன்ட் மட்டும் அழுத்தத்தோடு அந்தப் பைப்பில் இருந்துகொண்டே இருக்கும். ரிக்கோண்ட் வேன் வாங்குகிற எல்லாரும் குனிந்து பார்க்க வேண்டிய இடம் இது.

ஒட்டிய ஹோஸைக் கழற்றும் முறை: முறுக்காதீர்கள். பழைய ஹோஸ் எப்படியும் போகிறதுதானே, கத்தியால் நீளவாக்கில் கீறி வாழைப்பழத் தோல் போல உரித்து எடுங்கள். கத்தி இரும்பைத் தொடாமல் கடைசி ஏட்டை விட்டு, மிச்சத்தைக் கையால் கிழிக்க வேண்டும். ரேடியேட்டர் கழுத்தில் ஒரு தடவை முறுக்கிவிட்டால் அங்கே ஈயப்பற்று விட்டுப்போகும், அப்புறம் ரேடியேட்டரே செலவு.

இப்போது அழுத்தச் சோதனை செய்யுங்கள். ரேடியேட்டர் வாயில் மாட்டுகிற கைப்பம்ப், தெரிந்த பட்டறையில் இரவல் கேட்டால் தருவார்கள். வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, அந்தக் கொதிநீரில் முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மூடியின் மேல் 0.9 என்று அச்சடித்திருக்கும், அதுவரை பம்ப் அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து நிமிடம் முள்ளைப் பாருங்கள், டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். ஈரமாக இருக்கிற இடம்தான் ஓட்டை என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும், தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும்.

அந்த 0.9 எதற்கு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 அழுத்தம் கொடுத்து மூடினால் ஏறக்குறைய 118 வரை கொதிக்காமல் தாங்கும். சின்ன ஒழுக்குதானே என்று விட்டால் குறைவது அரை லிட்டர் தண்ணீர் மட்டுமல்ல, இந்த அழுத்தமும் குறைகிறது. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது சிலிண்டர் தலையைச் சுற்றித் தண்ணீர் கொதித்து ஆவியாகும், ஆவி இரும்பைக் குளிரவைக்காது. அப்போதுதான் உண்மையிலேயே ஹெட் கேஸ்கட் போகும்.


கெப்போங் பள்ளிவேன் அக்கா | செவ்வாய், காலை 10.10

ஐயா சொன்னதோடு ஒரு சின்ன உபாயம். அடியில் எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவைத்துவிட்டு, பைப் நெடுக அடிக்கு ஓர் இடத்தில் டிஷ்யூத் தாளைச் சுற்றி நூலால் கட்டுங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ, ஒழுக்கு அதற்கு மேலேதான். எனக்குக் கண்ணாடி போட்டும் அடியில் சரியாகத் தெரியாது, இந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

ஜாக்கி மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள் தம்பி, ஸ்டாண்டு போடுங்கள்.


பிறை சாப்பாட்டு வேன் | வியாழன், இரவு 11.30

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு நாளாக இதே வேலை.

பம்ப் அடித்தவுடன் 0.9இல் நின்ற முள், ஆறு நிமிடத்தில் 0.6க்கு இறங்கியது. நான் இவ்வளவு நாளாகச் சந்தேகப்பட்ட ஹோஸ் மூட்டு ஈரமானது, ஆனால் அக்கா சொன்னபடி கட்டிய தாள்களில் அதற்கும் முன்னால் நனைந்தது பின்னால் இருக்கிற மூன்றாவது தாள். அங்கே பைப்பை வண்டியின் அடிப்பாகத்தோடு பிடித்து வைக்கிற ஒரு பட்டை, அதற்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு பஞ்சு ரப்பர். ரப்பர் முப்பது வருடமாக மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பைப்பை அரித்திருக்கிறது. பட்டையைக் கழற்றி ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தொட்டேன், உள்ளே போய்விட்டது. அங்கிருந்து தண்ணீர் பைப்பின் அடிப்பக்கமாக முன்னால் ஓடி, நான் நிறுத்துகிற இடம் கொஞ்சம் முன்னால் சரிவு என்பதால், ஹோஸ் மூட்டில் வந்து சொட்டியிருக்கிறது. இரண்டு கிளிப், ஒரு ஹோஸ், ஹெட் கேஸ்கட் என்று ஒரு பயம், எல்லாம் ஓர் அடிக்குமேல் தள்ளியிருந்த ஓட்டைக்காக.

இப்போது அந்தப் பைப்பை என்ன செய்வது? போக ஒன்று, வர ஒன்று, இரண்டும் அதே நிலைமைதான்.


ஜெலுத்தோங் லைட்ஏஸ் | வெள்ளி, காலை 8.15

கண்டுபிடித்ததில் சந்தோஷம் தம்பி. நானும் அந்தப் பொடியை இந்த வாரம் கழுவி எடுக்கப்போகிறேன், ஐயா சொன்னதை யோசித்துப் பார்த்தேன், என் லைட்ஏஸிலும் போன மாதத்திலிருந்து சூடு முள் கொஞ்சம் மேலே நிற்கிறது.

பைப்புக்கு, ஹார்ட்வேர் கடையில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு விற்கிற துத்தநாகம் பூசிய பைப் நல்ல கனமாக இருக்கும், விலையும் குறைவு. அதை வளைத்துப் போடலாமே?


பாயான் லெப்பாஸ் வெல்டர் | வெள்ளி, மதியம் 1.20

இழையை முதலிலிருந்து படித்தேன், இது என் தொழில் என்பதால் உள்ளே வருகிறேன். துத்தநாகம் பூசிய பைப் வேண்டாம் அண்ணே. கூலன்டில் இருக்கிற கிளைக்கால் என்கிற ரசாயனமும் துரு தடுக்கிற மருந்தும் துத்தநாகத்தோடு ஒத்துப்போகாது, பூச்சு கரைந்து வண்டலாகச் சேரும், மருந்தும் வீணாகும். அதை வெல்டிங் வைத்தால் வருகிற புகையும் உடம்புக்குக் கெடுதல்.

தம்பியின் ஹீட்டர் ஹோஸ் உள்ளளவு 16 மில்லி என்று நினைக்கிறேன், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்கான் கடையில் விற்கிற ஐந்தே எட்டு அங்குலச் செம்புப் பைப்பின் வெளியளவு 15.88 மில்லி, அதில் ஹோஸ் சரியாகப் போய் உட்காரும். வளைப்பது எளிது. ஆனால் செம்பு மென்மையானது, டீசல் இன்ஜின் குலுக்கலில் பிடிப்பு இல்லாத இடத்தில் களைத்து விரிசல் விடும், ஆகவே அரை மீட்டருக்குள் ஒரு ரப்பர் வைத்த பிடிப்பு போட வேண்டும். நீடித்து நிற்க வேண்டுமென்றால் 304 ஸ்டெயின்லெஸ், 16 மில்லி, ஒன்றரை மில்லி கனம். என் கையில் இருந்தால் நான் அதைத்தான் போடுவேன்.

எதைப் போட்டாலும் முனையில் மேடு இருக்க வேண்டும். கம்பெனிப் பைப் முனையைத் தடவிப் பாருங்கள், சுற்றி ஒரு வளையம் போலத் தூக்கியிருக்கும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி 25 மில்லியாவது உள்ளே போக வேண்டும், கிளிப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே உட்காரக் கூடாது, ஹோஸின் விளிம்பிலும் உட்காரக் கூடாது. வெறும் மொட்டைப் பைப்பில் ஹோஸைச் செருகிக் கிளிப் போட்டால் இன்று நிற்கும், ஒருநாள் மலைச்சாலையில் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் உருவிக்கொண்டு போகும். சுற்றி வெல்டிங் வைத்து அரம் போட்டு வழவழவென்று ஆக்கினாலும் மேடுதான், அதற்கு இயந்திரம் தேவையில்லை, பொறுமை வேண்டும்.


செந்தூல் போமன் | வெள்ளி, மாலை 5.00

வெல்டர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. பினாங்கில் அந்தப் பின் ஹீட்டர் எதற்கு? சாம்பார் அண்டாவுக்குச் சூடு வேண்டுமா?

பின்னால் போகிற இரண்டு பைப்பையும் முன்னாலேயே கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கம் இருக்கிற இரண்டு வாயையும் ஒரே வளைந்த ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். தனித்தனியாக அடைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரிக்குத் திறக்கும்வரை தண்ணீர் இன்ஜினுக்குள் சுற்றிவர ஹீட்டர் வழியும் உதவுகிறது, அதை மூடுவதைவிட வளைத்துத் திருப்பிவிடுவது நல்லது. நேரான ஹோஸை வளைக்காதீர்கள், மடிந்து நெரியும். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிப்பாகம் விற்கிற பொத்தோங் கடைகளில் வார்த்து வளைத்த ஹோஸ் தேடினால் கிடைக்கும், ஆனால் ரப்பர் என்பதால் புதிதாக வாங்குவதே மேல், பழையதை அளவுக்கு மாதிரியாக மட்டும் எடுங்கள்.

முன் ஹீட்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மழையில் கண்ணாடி மூடும்போது உதவும். மேட்டில் சூடு ஏறினால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து விசிறியைப் போடுங்கள், உங்களுக்கு வேர்க்கும், இன்ஜினுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.


பாயான் லெப்பாஸ் வெல்டர் | வெள்ளி, மாலை 6.40

ஐயா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், பயன்படாத நான்கு மீட்டர் பைப்பைப் புதிதாகச் செய்வதில் பொருளில்லை. என் வேலை போனாலும் அதுதான் சரி. ஆனால் தம்பி நெளித்துவிட்டேன் என்று சொன்னாரே, அந்த முனை இணைப்பு ஹோஸ் மாட்டுகிற முனையாக இருந்தால் அதை வெட்டிச் சுத்தமான இரும்பு வருகிற இடத்தில் மேடு வைத்துக் கொடுக்க வேண்டும். தீவுக்கு வந்தால் கொண்டு வாருங்கள்.


பிறை சாப்பாட்டு வேன் | அடுத்த திங்கள், இரவு 9.50

முடித்துவிட்டேன். பாலம் தாண்டி வெல்டர் அண்ணனிடமே போனேன், முனையை ஒன்றரை அங்குலம் வெட்டி மேடு வைத்துக் கொடுத்தார், காசு வாங்க மறுத்தார், வீட்டுக்கு இரண்டு டப்பா பாயசம் கொடுத்துவிட்டு வந்தேன். வளைந்த ஹோஸ் புதியது, நான்கு ஸ்பிரிங் கிளிப், புது மூடி, ஐந்து லிட்டர் கூலன்ட், எல்லாம் சேர்த்து 190 வெள்ளிக்குள் முடிந்தது.

மறுபடி பம்ப் அடித்தேன், இருபது நிமிடம் 0.9இலேயே நின்றது. ஆனால் நேற்று ஒரு சுற்று ஓட்டி வந்ததும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மூட்டில் ஒரு சொட்டு. இதுவரை அங்கே ஒழுகியதே இல்லை. இப்போதுதான் மனம் பதறுகிறது. பட்டறையில் சொன்ன ஹெட் கேஸ்கட் உண்மையோ?


செந்தூல் போமன் | அடுத்த செவ்வாய், காலை 6.15

பதறாதீர்கள். பழைய ஓட்டை ஒரு பாதுகாப்பு வால்வு மாதிரி அழுத்தத்தை விட்டுக்கொண்டே இருந்தது. இப்போது அது அடைபட்டதும் முழு அழுத்தமும் மற்ற மூட்டுகளுக்குப் போகிறது, அடுத்த பலவீனமான இடம் தன்னைக் காட்டுகிறது. பழைய வண்டியில் இது பெரும்பாலும் நடக்கும். அந்த மேல் ஹோஸை ஆறிய பிறகு கிளிப்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். ஹோஸ் நடுவில் நன்றாக இருந்து, முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் மட்டும் சொதசொதவென்று இருந்தால் உள்ளிருந்து விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். உலோகமும் கூலன்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து ரப்பரை உள்பக்கமாகக் கீறும், வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். ஹோஸின் மேல் ஆயில் சொட்டியிருந்தாலும் இதே கதி, அந்த ரப்பருக்கு ஆயில் ஆகாது.

ஆனாலும் ஹெட் கேஸ்கட்டை ஊகத்தில் விட வேண்டாம், சோதித்துவிடுங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கிற ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, இன்ஜின் ஓடும்போது மேலே வருகிற காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு தண்ணீருக்குள் கலந்திருந்தால் நீலம் நிறம் மாறும். மாறவில்லையென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கூலன்ட் நிரப்பியபோது காற்றை எடுத்தீர்களா? இன்ஜின் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால் தாழ்வாக இருக்கிற வண்டிகளில் காற்று எங்காவது மாட்டிக்கொள்ளும். மூக்கு மேலே இருக்கிற மாதிரிச் சரிவில் நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் ஆறிய நிலையிலிருந்து ஓட விடுங்கள், கீழ் ஹோஸைக் கையால் பிசைந்துவிடுங்கள், குமிழ் வர வர ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தால் தண்ணீர் சடாரென்று இறங்கும், அதையும் நிரப்பிப் பிறகு மூடுங்கள்.


கெப்போங் பள்ளிவேன் அக்கா | அடுத்த செவ்வாய், காலை 9.50

கூலன்டில் என்ன தண்ணீர் கலந்தீர்கள் தம்பி? பைப் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கிற குளோரினும் உப்பும்தான் கழுத்தையெல்லாம் அரிக்கிறது. சுத்திகரித்த தண்ணீர் பாதி, கூலன்ட் பாதி, அல்லது கலந்தே வருகிற புட்டி. பேட்டரித் தண்ணீர் என்று கேட்டு வாங்கினால் ஆசிட் புட்டியைத் தந்துவிடப் போகிறார்கள், பெயரைப் படித்து வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் சரக்கும் ஒன்று என்று நினைக்க வேண்டாம், நிறத்துக்கு ஒரு விதியும் இல்லை.

இன்னொன்று. வடித்த பழைய கூலன்டைக் கால்வாயில் கொட்டாதீர்கள், தட்டில் திறந்தும் வைக்காதீர்கள். அது இனிப்பாக இருக்கும், பூனையும் நாயும் நக்கும், கொஞ்சமே போதும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு தாய்ப்பூனை அப்படிப் போனது, யார் வீட்டுச் சொட்டு என்று தெரியவில்லை, அன்றிலிருந்து என் வேனுக்கு அடியில் தினமும் குனிந்து பார்க்கிறேன்.


பிறை சாப்பாட்டு வேன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.30

ஈப்போ போய்வந்தாயிற்று. மேல் ஹோஸ் ஐயா சொன்னது போலவே முனையில் சொதசொதவென்று இருந்தது, வெட்டிப் பார்த்தால் உள்ளே நீளவாக்கில் மூன்று கீறல். மேல், கீழ் இரண்டும் மாற்றினேன். நீல மருந்துச் சோதனை இன்னொரு பட்டறையில் செய்தார்கள், பத்து நிமிடம் வைத்தும் நீலம் நீலமாகவே இருந்தது. ஹெட் கேஸ்கட்டுக்கு ஒன்றும் இல்லை.

விடியற்காலை மூன்றரைக்குப் பிறையில் கிளம்பினோம். புக்கிட் பெராப்பிட்டில் லோரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் ஏறினேன், கண் முழுக்க முள்ளில்தான். பாதிக்குக் கீழேயே நின்றது. மெனோரா தாண்டி இறங்கும்போதுதான் தோள் தளர்ந்தது. சாப்பாடு பதினொன்றுக்கு இறக்கிவிட்டோம்.

இன்று காலை ஆறிய வண்டியில் ரிசர்வ் டேங்க்கைப் பார்த்தேன், மூன்று வாரத்துக்கு முன் மார்க்கரில் போட்ட கோட்டில்தான் நிற்கிறது. தரையில் அட்டை விரித்து வைத்திருந்தேன், காய்ந்திருக்கிறது.

வெல்டர் அண்ணே, அடியில் தொங்குகிற பழைய பைப் இரண்டையும் இன்னும் கழற்றவில்லை. போல்ட்டு துருப்பிடித்து அசையவில்லை. அறுத்து எடுக்கலாமா?


பாயான் லெப்பாஸ் வெல்டர் | திங்கள், காலை 7.40

அறுக்கலாம், ஆனால் வெட்டு மெஷின் வேண்டாம், டீசல் டேங்கும் பிரேக் பைப்பும் பக்கத்திலேயே ஓடுகின்றன, பொறி பறக்கும். கை ரம்பத்தால் அறுங்கள். அறுப்பதற்கு முன் பிரேக் பைப் எது என்று முன்னாலிருந்து தடவிப் பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுக்கொள்ளுங்கள், அது இதைவிட ஒல்லியாக இருக்கும்.